ஏலக்கா பொறுக்குறப்ப நேரம் போறது ஏன் தெரியல?

(காட்சி: போடி, ஏலக்கா குடோன், காய் பொறுக்குற கைகள்)

இந்தக் கையக் கொஞ்சம் பாருங்க மக்களே. சல்லடையில கீழ விழாம மேல நின்ன எட்டு எம்எம் காய், அதக் குமிச்சு வச்சு வாய் வெடிச்சது, வெளுத்தது, சொத்தைன்னு ஒதுக்கிட்டே போறாங்க, வாய்ல ஊர்க்கதை ஓடுது ஆனா கண்ணு காய விட்டு அகலல. என்னக்கா சாப்பிடலையான்னா, "அதுக்குள்ள மணி ஒன்னாயிருச்சா?"ங்கிறாங்க.

நாம என்னடான்னா ஞாயித்துக்கெழம பூரா படுத்துக்கிட்டு ரீல்ஸ் தள்ளுறோம், எந்திரிக்கிறப்ப தலைவலி தான் மிச்சம்.

மிஹாய் சிக்சென்ட்மிஹாய்னு ஒரு உளவியல் ஆய்வாளர், 2021ல இறந்துட்டாரு, இப்பிடி நேரம் தெரியாம ஒரு வேலையில மனசு ஒன்றிப் போறதத் தான் வருசக்கணக்கா தோண்டுனாரு. மலை ஏறுறவங்க, செஸ் ஆடுறவங்க, ஆபரேசன் பண்ற டாக்டருங்கன்னு எல்லார்கிட்டயும் கேட்டாரு. அப்புறம் ஆளுக்கொரு பேஜர், அது எப்ப வேணா கத்தும், கத்துன ஒடனே இப்ப என்ன செய்றீங்க மனசு எப்பிடி இருக்குன்னு ஃபார்ம்ல எழுதணும். 1989ல வந்த ஆய்வுல தான் கூத்து: மனசு ஒன்றிப் போனது ஓய்வ விட வேலையில தான் அதிகம், ஆனா வேலை நேரத்துல அதே ஆளுங்க "வேற எதாவது செஞ்சா தேவல"ன்னு எழுதிருக்காங்க!

(இதக் காட்டி கூலிய ஏத்தாம இருக்க நெனைக்கிற மொதலாளிக்கு நான் சப்போர்ட் இல்ல. நாள் பூரா குனிஞ்சு உக்காந்தா முதுகு வலிக்கத் தான் செய்யும்.)

விசயம் என்னன்னா, மனசு ஒன்றணும்னா என்ன செய்யணும்னு தெளிவா தெரியணும், சரியா தப்பான்னு அப்பவே தெரியணும், ரொம்ப ஈசின்னா போரடிக்கும் ரொம்ப கஷ்டம்னா பதட்டமாயிரும், அதனால நம்ம கைக்கு எட்டுறதுக்கு ஒரு படி மேல இருக்கணும். காய் பொறுக்குறதுல இது தானா அமைஞ்சிருக்கு. மத்ததுல நாம தான் அமைச்சுக்கணும்.

உதாரணமா குமுளில பஸ்ஸுக்கு நிக்கிறீங்க. போனைப் பையில போடுங்க. வர்ற கேரளா பஸ் போர்ட, இங்கிலீஷ் பக்கம் பாக்காம, மலையாளத்துலயே எழுத்துக் கூட்டுங்க. வ, ய, ண மாதிரி சிலது நம்ம எழுத்துச் சாயல் தான், டக்குன்னு பிடிபடும், மத்தத யோசிக்கணும். நீங்க படிச்சது சரியான்னு கண்டக்டரே "கட்டப்பன, கட்டப்பன"ன்னு கத்திச் சொல்லிருவாரு. அது பழகிருச்சா, கீழ பொடி எழுத்துல வழியில வர்ற ஊரெல்லாம் போட்டிருக்கும், கெளம்புறதுக்குள்ள எத்தன ஊரு தேறுதுன்னு பாருங்க. படிக்கிற ஜோர்ல உங்க பஸ்ஸ விட்டுட்டு என்னையத் திட்டாதீங்க.