ஒரே கோப்புக்கு ஐந்து கருவியா?

வணக்கம் நேயர்களே. கணினியின் பொத்தானை அழுத்துகிறீர்கள். திரையில் எதுவும் தெரிவதற்கு முன்பே உள்ளே ஒரு நிரல் ஓடத் தொடங்கிவிடும். நினைவகத்தைத் தயார்செய்து, அப்புறம் பொறுப்பை அடுத்த நிரலிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதுதான் ஃபர்ம்வேர். பெரும்பாலும் கணினி தயாரித்தவர்களே இதை எழுதி, மூடித் தருவார்கள். எல்லோரும் படிக்கும்படி திறந்த மூலத்தில் எழுதப்படுபவையும் உண்டு. 1999இல் லினக்ஸ்பயாஸ் என்று தொடங்கி 2008இல் கோர்பூட் என்று பெயர் மாறியது ஒன்று, யூ-பூட் இன்னொன்று.

இவற்றை நீங்களே உருவாக்க வேண்டுமானால் முதலில் சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். எந்த மதர்போர்டு? ஃபர்ம்வேர் குடியிருக்கும் ஃபிளாஷ் சிப் எத்தனை மெகாபைட்? சீரியல் போர்ட் என்ற கம்பி இணைப்பில் செய்திகள் வர வேண்டுமா? பதில்கள் எல்லாம் ஒரே ஒரு உரைக்கோப்பில் போய் உட்காரும். இந்த ஏற்பாட்டுக்குக் கேகான்ஃபிக் என்று பெயர். 2002இல் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் சேர்ந்தது. கோர்பூட் 2009 வாக்கிலும் யூ-பூட் 2014இலும் அதற்கு மாறின.

வில்லங்கமும் அதோடு சேர்ந்தே வந்தது. கேள்வி கேட்கக் கெர்னலில் ஐந்து கருவிகள் இருந்தன. வரிவரியாகக் கேட்கும் கான்ஃபிக். எழுத்துகள் மட்டுமே தெரியும் டெர்மினலில் பட்டியல் காட்டும் மெனுகான்ஃபிக். அதே டெர்மினலில் அதே பட்டியலை வேறு தோற்றத்தில் காட்டும் என்கான்ஃபிக். சாளரம் திறக்கும் ஜிகான்ஃபிக், எக்ஸ்கான்ஃபிக். கெர்னலில் இருக்கிறதே என்று இத்தனையையும் ஃபர்ம்வேர் திட்டமும் சுமக்க வேண்டுமா? கூடாது என்று நான் வெகுகாலமாகச் சொல்லிவருகிறேன்.

ஏன் என்று கேட்டால், கேட்பவர் ஐவராக இருந்தாலும் எழுதும் கை ஒன்றுதான். அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். ஒரு வசதி வேண்டாம் என்றால் அந்த வரி ஹேஷ் குறியோடு தொடங்கும், ‘இஸ் நாட் செட்’ என்று முடியும். பார்த்தால், கருவி கண்டுகொள்ளாத வெறும் குறிப்பு வரி மாதிரி இருக்கும். ஆனால் கருவி அதைப் படிக்கிறது! குப்பை என்று நினைத்து அழித்துவிட்டால், அந்தக் கேள்விக்கு நீங்கள் பதிலே சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்ளும். அடுத்த முறை மறுபடி கேட்கும், இல்லாவிட்டால் தானே முன்னிருப்பு விடையைப் போட்டுக்கொள்ளும். இந்த விசித்திரத்தைப் பற்றி இரவு முழுக்கப் பேசுவேன், நண்பர்கள் எழுந்து போய்விடுவார்கள். சொல்ல வந்தது இதுதான்: எந்தக் கருவியில் பதில் சொன்னாலும் இதே வரி, இதே விசித்திரம். விடையில் ஓர் எழுத்துகூட மாறாது.

செலவு மட்டும் மாறும். எக்ஸ்கான்ஃபிக் சி++ மொழியில் எழுதப்பட்டது, சாளரம் வரைய உதவும் கியூடி என்ற நிரல் நூலகம் கேட்கும். ஜிகான்ஃபிக் வெகுகாலம் அதேபோன்ற இன்னொரு நூலகமான ஜிடிகே 2ஐ நம்பியிருந்தது. ஜிடிகே 4 வந்த 2020 டிசம்பரோடு ஜிடிகே 2க்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். புதிதாக வந்த ஒருவர் எக்ஸ்கான்ஃபிக் ஓடவில்லை என்று எங்கள் குழுவிடம் கேட்டார். கியூடியின் டெவலப்மென்ட் பொதியை நிறுவுங்கள் என்றார் ஒருவர். அந்தப் பதிப்பு இல்லை, இந்தப் பதிப்பு என்றார் இன்னொருவர். நிறுவினார், வேறு பிழை வந்தது. பிழைச்செய்தியை அனுப்பினார், அதற்கும் ஆளுக்கொரு வைத்தியம். கடைசியில் யாரோ, ‘உங்களுக்கு என்னதான் மாற்ற வேண்டும்?’ என்று கேட்டார்கள். சீரியல் போர்ட் செய்திகளின் அளவைக் கூட்ட வேண்டுமாம், அவ்வளவுதான்! மெனுகான்ஃபிக்கில் சாய்கோடு விசையை அழுத்தித் தேடினால் உடனே கிடைத்துவிடும். யாரும் சோதிக்காத ஒரு கருவியை வைத்திருந்ததற்கு அந்த மனிதர் விலை கொடுத்தார்.

‘யாராவது பயன்படுத்தினால்?’ என்பார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் வரிவரியாகக் கேட்கும் பழைய கான்ஃபிக்கில் கைவைக்க வேண்டாம் என்கிறேன். திரைவாசிப்பான் வைத்திருப்பவருக்கு, கட்டம் போட்டுக் காட்டும் திரையைவிட அது தோது. மனிதர் பக்கத்தில் இல்லாமல் இரவெல்லாம் ஃபர்ம்வேரை உருவாக்கிச் சோதிக்கும் சர்வர்களுக்கும், விடுபட்ட விடைகளைக் கேட்காமலே முன்னிருப்பாக நிரப்பும் அந்த நிரலின் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் வேண்டும். மெனுகான்ஃபிக்கும் இருக்கட்டும். மற்ற மூன்றும் போகலாம். என்கான்ஃபிக் ரசிகர்கள் என்மேல் கோபப்படுவார்கள், படட்டும். நீக்கியது, ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்துவைக்கும் கிட் வரலாற்றில் பத்திரமாகத்தான் இருக்கும்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். எப்படி நீக்குவது என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், ஒன்றை மட்டும் சொல்கிறேன். நிரலை நீக்கினாலும் கட்டளையின் பெயரை ஓரிரு வெளியீடுகளுக்கு விட்டுவையுங்கள். பழக்கத்தில் எக்ஸ்கான்ஃபிக் என்று தட்டுபவருக்கு, ‘இது நீக்கப்பட்டது, மெனுகான்ஃபிக் பயன்படுத்துங்கள்’ என்று ஒரு வரி வந்தால் போதும். ஆவணங்களைத் திருத்துவது பற்றி இன்னொரு நாள் பேசுவோம். வணக்கம்.