கலப்பை தூக்காத டிராக்டர்: முதலில் ஆயிலைப் பாருங்கள்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சி, நடவு ஆட்களுக்கும் சொல்லி வைத்த பிறகு, லிவரை எத்தனை முறை இழுத்தாலும் கலப்பை எழும்பாமல் நின்றுவிட்ட காலைப் பொழுது உங்களில் பலருக்கு வாய்த்திருக்கும். அத்தகைய காலைகளில் என்னை அழைத்துச் சென்றவர்களின் வயல்களில்தான் என் நாற்பது ஆண்டுக்காலப் பணி கழிந்தது. ஆகவே, பழைய டிராக்டர்களின் ஹைட்ராலிக் லிஃப்டைப் பற்றி, குறிப்பாக நம் ஊர்களில் இன்றும் உழுதுகொண்டிருக்கும் பழைய மாஸி பெர்குசன் வகை வண்டிகளைப் பற்றி, இன்று பேச விரும்புகிறேன்.

அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன், கலப்பையை மூன்று இணைப்புகளால் வண்டியோடு பிணைத்து ஹைட்ராலிக் விசையால் தூக்கும் டிராக்டரை 1936-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே டிராக்டர் நிறுவனத்தின் வழியாக அந்த முறை நம் வயல்களுக்கும் வந்தது. நீர்மூழ்கி மோட்டார் தண்ணீருக்குள் கிடப்பதைப் போல, இந்த வண்டிகளின் வயிற்றுக்குள் ஆயிலில் மூழ்கியபடி ஒரு பம்பு இருக்கிறது. அது அனுப்பும் ஆயில் மேலேயுள்ள சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் லிஃப்ட் கைகளை உயர்த்துகிறது. கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஆயில் ஒன்றுதான் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதை மறுபடியும் சொல்வேன்.

லிஃப்ட் சிறிதும் அசையவில்லை என்றால், உடனே ஸ்பானரைத் தேட வேண்டாம். இந்தப் பம்பைச் சுழற்றுவது, எஞ்சின் விசையைப் பின்னால் மாட்டும் கருவிகளுக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. தண்டு என்பதால், சில வண்டிகளில் பி.டி.ஓ. லிவர் விடுபட்டிருந்தால் பம்பு சுழலாது. கிளட்சை முழுவதும் மிதித்திருந்தாலும் சுழலாது. மேல் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்த ஒரு வண்டியில், லிவரை மாற்றிப் போட்டதும் குறை தீர்ந்துவிட்டதை நான் கண்டிருக்கிறேன்.

மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு பெரியவரின் வண்டியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். தூக்கிய கலப்பை ஒரு நிலையில் நிற்காமல், இறங்குவதும் ஏறுவதுமாகக் குதித்துக்கொண்டே இருந்தது. ஒரு பட்டறையில் இரண்டு முறை பிஸ்டன் ரிங் மாற்றியிருந்தார்கள். நான்கு நாள் நன்றாக இருக்கும், பிறகு பழையபடியே ஆகிவிடும். முதல் நாள் மாலையே வண்டியை நிறுத்திவிடச் சொல்லி, மறுநாள் விடியற்காலையில் அடியிலுள்ள வடிகால் போல்ட்டை மெல்லத் தளர்த்தினேன். முதலில் வந்தது ஆயில் அன்று, தண்ணீர். ஒரு சொம்பு நிறையத் தெளிந்த தண்ணீர் வடிந்த பிறகே, மோர் நிறத்தில் ஆயில் நூலாக இறங்கியது. அந்த ஆயிலில் இரண்டு சொட்டை ஒரு பழைய இரும்புக் கரண்டியில் விட்டு அடுப்பில் காட்டினேன். கடுகு தாளித்ததைப் போல வெடித்தது. நல்ல ஆயில் அப்படி வெடிக்காது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பெரியவர் கேட்டார். கியர் லிவரின் அடியிலுள்ள ரப்பர் உறையைத் தூக்கிக் காட்டினேன்; பின்பக்கம் விரல் நுழையும் அளவுக்குக் கிழிந்திருந்தது. சேற்றுழவு முடிந்ததும் பம்புசெட் தண்ணீரை அதன் மீதே பீய்ச்சிக் கழுவியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் வண்டி வேப்ப மரத்தடியில்தான் நின்றிருக்கிறது. அந்தத் தண்ணீர் கட்டுப்பாட்டு வால்விலும் பம்பின் வால்வுகளிலும் துருவை ஏற்றி, ஆயில் கசிய வழிசெய்துவிட்டது. கசிவால் கைகள் சற்று இறங்கியதும் வால்வு திறந்து மறுபடி தூக்கியதால்தான் கலப்பை குதித்தது. பம்பைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஓ-ரிங்குகள் என்னும் ரப்பர் வளையங்களை மாற்றி, ஏறத்தாழ 30 லிட்டர் புது ஆயிலை ஊற்றி, உறையையும் மாற்றினோம். கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில் என்று நான் சொன்னது இதற்காகத்தான்: கியர் லிவரின் வழியாக நுழைந்த தண்ணீர் லிஃப்டைக் கெடுத்தது.

குதிப்பதற்கெல்லாம் தண்ணீரே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆயில் தெளிவாக இருந்தும் கலப்பை நிற்காவிட்டால், பக்கவாட்டு மூடிக்குக் கீழே வரும் அளவுக்கு ஆயிலை வடித்து, பாரத்தைத் தூக்கிய நிலையில் எஞ்சினை நிறுத்தி, அந்த மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கலாம். மேலிருந்து சொட்டினால் சிலிண்டர், பம்பிலிருந்து ஆயிலை மேலே கொண்டுபோகும் நிற்கும் குழாயின் மூட்டில் கசிந்தால் ஓ-ரிங், பம்பிலிருந்து வந்தால் வால்வு என்று இடம் தெரிந்துவிடும். இதைச் செய்யும்போது கலப்பைக்கு அடியில் கனமான கட்டைகளை அடுக்கியே தீர வேண்டும். எஞ்சின் நின்ற பின்னும் லிவரில் கை பட்டாலே கலப்பை விழும். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி ஒருவரும் அதன் அடியில் கையையோ காலையோ நீட்டக் கூடாது. காலையில் நன்றாகத் தூக்கி, நண்பகலில் ஆயில் சூடேறியதும் தளரும் வண்டியில் பெரும்பாலும் தேய்மானமே காரணம். சூட்டில் இளகிய ஆயில், தேய்ந்த பாகங்களின் இடைவெளிகளில் நழுவிவிடுகிறது.

மூன்று இணைப்புகளில் மேலே இருப்பது டாப் லிங்க்; உழும் ஆழத்தைத் தானே சரிசெய்யும் அதன் ஸ்பிரிங்கைப் பற்றி விளக்கமாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நேரம் முடிவதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். டாப் லிங்கைக் கழற்றிவிட்டு, அது மாட்டியிருந்த கொண்டியைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஆழம் சீராக வராது, மெக்கானிக்கிடம் சொல்லிச் சரிசெய்துகொள்ளுங்கள். புது ஆயில் ஊற்றியவர்கள், லிஃப்டைப் பத்து முறை ஏற்றி இறக்கிய பிறகு, லிஃப்ட் கைகளைக் கீழே இறக்கி வைத்து ஆயில் அளவை மறுபடியும் பார்த்துவிடுங்கள். வணக்கம்.