கூடாரம் கட்டிய கோட்ஃப்ரீட் போம்

நண்பர்களே, இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து, ஜெர்மனியின் கொலோன் நகரத்துப் புனித கொலும்பா ஆலயம் இடிந்துபோனது. கூரை இல்லை, சுவர்களில் கொஞ்சம்தான் மிஞ்சியது. தூணில் இருந்த மாதா சொரூபம் மட்டும் நின்றது. ‘இடிபாடுகளின் மாதா’ என்று ஊரே அழைத்தது.

அந்த மாதாவுக்குச் சிற்றாலயம் கட்டும் வேலை கட்டடக் கலைஞர் கோட்ஃப்ரீட் போமுக்கு வந்தது. 1920இல் பிறந்தவர், போருக்குப் போய்க் காயப்பட்டுத் திரும்பியவர். அப்பா டொமினிகுஸ் பேர்பெற்ற ஆலயக் கட்டடக் கலைஞர். மகனோ மியூனிக்கில் கட்டடக்கலையோடு சிற்பமும் படித்தார். இந்தச் சிற்பத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும். இடிபாட்டை அப்புறப்படுத்தாமல், அதன் நடுவிலேயே கூடாரம் போல எண்கோண ஆலயம் எழுப்பினார். 1950இல் திறந்தார்கள். இன்று அதைச் சுற்றி சுவிஸ் கட்டடக் கலைஞர் பீட்டர் சும்தோர் கட்டிய அருங்காட்சியகம் நிற்கிறது. அருமையான கட்டடம்தான். ஆனால் போமின் ஜன்னல்களுக்கு வந்த வெயிலை அது மறைத்துவிட்டதே என்று எனக்கு ஒரு மனக்குறை.

சரி, நெவிகெஸுக்கு வருவோம். வுப்பர்டால் பக்கத்தில் சின்ன ஊர். அங்கே திருப்பயணிகள் தேடி வருவது பிரார்த்தனைப் புத்தகத்திலிருந்து எடுத்த ஒரு சிறிய மாதா படத்தை. அதற்காக 1968இல் எழுந்தது, போம் வடிவமைத்த, ஆயிரக்கணக்கானோர் கூடக்கூடிய கான்கிரீட் பேராலயம்! கூரை மலைமுகடுகள் போல மடிந்து மடிந்து ஏறும். அப்போது கொலோன் பேராயராக இருந்த கர்தினால் ஃப்ரிங்ஸுக்குக் கண்பார்வை ஏறக்குறையப் போய்விட்டிருந்தது. போட்டிக்கு வந்த மாதிரிகளைக் கையால் தடவிப் பார்த்து இதைத் தேர்ந்தார் என்பார்கள். சிற்பி செய்தது விரலுக்குப் புரிந்திருக்கும்.

உள்ளே போனால் வெளித்தெருவின் கல்தளமே தொடர்கிறது. தெருவிளக்குக் கம்பம்கூட உண்டு. நடந்து வந்த பயணிக்கு இது இன்னொரு ஊர்ச் சதுக்கம். ஜன்னல்களையும் போமே வரைந்தார். சிவப்பு ரோஜா வெளிச்சம் சாம்பல் சுவரில் ஊறிக் கிடக்கும்.

1986இல் கட்டடக்கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் போமுக்குக் கிடைத்தது, அதைப் பெற்ற முதல் ஜெர்மானியர். மனைவி எலிசபெத்தும் கட்டடக் கலைஞரே. கொலோன் மத்திய மசூதியை வடிவமைத்தவர் மகன் பவுல். 101 வயது வாழ்ந்து, 2021இல் போம் மறைந்தார்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. நெவிகெஸ் கூரைமேல் ஓடோ தகடோ கிடையாது, வெறும் கான்கிரீட். விரிசல் விட்டது, மழை ஒழுகியது. அண்மையில்தான் கார்பன் இழை வலை பதித்த மெல்லிய கான்கிரீட் பூசிச் சரிசெய்தார்கள். தடிமனாகப் பூசினால் அந்த மடிப்புகளின் கூர்மை போய்விடும் அல்லவா?