பெட்டி மூடியில் எழுதிய ஊர்கள்

(படைவீரர் கொடிநாளையொட்டி வேலூரில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் மாவட்ட ஆட்சியர் அவர்களே, முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற கர்னல் ஐயா அவர்களே, சங்கத்தின் தலைவர் சுபேதார் மேஜர் அவர்களே, மகளிர் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, வீட்டுக்கொருவரைப் படைக்கு அனுப்பிய ஊர் என்று பெயர் பெற்ற கம்மவான்பேட்டையிலிருந்து தனிப் பேருந்து பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே, என் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு இதே மேடையில் எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். இந்த ஆண்டு இருபது நிமிடம் கிடைத்திருக்கிறது. அதற்குப் பரிந்துரை செய்த கர்னல் ஐயாவுக்கு முதலில் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு பெண்மணியின் வாழ்க்கையை மனைவி, தாய், ஆசிரியை என்ற மூன்று நிலைகளில் வைத்துப் பேச எண்ணி வந்திருக்கிறேன். அவர் நம் ஊர்க்காரர் அல்லர்; மராட்டிய மாநிலம் சாத்தாரா மாவட்டத்தைச் சேர்ந்த குடும்பத்தின் மருமகள். பெயர் சுவாதி மகாதிக். இவர் கணவர் கர்னல் சந்தோஷ் மகாதிக், தீவிரவாத எதிர்ப்புப் படையான ராஷ்டிரிய ரைபிள்ஸின் 41ஆவது பிரிவில் கட்டளை அதிகாரியாக இருந்து, 2015 நவம்பர் 17 அன்று காஷ்மீரத்துக் குப்வாரா வனப்பகுதியில் தீவிரவாதிகளுடன் நடந்த மோதலில் வீரமரணம் அடைந்தவர். அடுத்த குடியரசு நாளில் அவருக்குச் சௌரிய சக்கரம் என்ற வீர விருது அறிவிக்கப்பட்டது. ஆசிரியையாகப் பணிபுரிந்துகொண்டிருந்த சுவாதி அம்மையார், பள்ளியில் படிக்கும் மகளும் அவளுக்கு இளையவனான மகனும் அருகில் இருக்க, கணவரின் முதற்காதல் அவர் அணிந்த சீருடையே என்பதால் தானும் அதை அணியப்போவதாக அறிவித்தார்.

படையில் உயிர்நீத்தோரின் மனைவியருக்கென அதிகாரிப் பயிற்சியில் ஒதுக்கப்படும் இடங்கள் எத்தனை என்று இங்கிருக்கும் இளம்பெண்கள் அறிந்திருக்க வேண்டும். ஒரு சேர்க்கைக்குத் தொழில்நுட்பப் பிரிவில் ஒன்று, மற்றப் பிரிவில் ஒன்று, ஆக இரண்டே இடங்கள். வயது வரம்பு 35. அம்மையார் அந்த வரம்பைக் கடந்திருந்தார். பாதுகாப்பு அமைச்சகம் விலக்களித்தது. ஆனால் தேர்விலும் உடல்தகுதியிலும் அவருக்கு யாரும் விலக்களிக்கவில்லை. பிள்ளைகள் இருவரையும் விடுதிப் பள்ளிகளில் சேர்த்துவிட்டுச் சென்னைப் பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்துக்கு வந்தார். உடன் பயின்ற பெண்களில் பலர் கல்லூரியை அப்போதுதான் முடித்தவர்கள். அவர்களுக்கு ஈடாக இந்தத் தாய் விடியலுக்கு முன் எழுந்து ஓடினார், முதுகில் சுமையேற்றி நடந்தார், துப்பாக்கி பழகினார். பதினொரு மாதங்கள்! அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று என் மாமியார் நாளுக்குப் பத்து முறை சொல்வார். அந்தப் பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான வாழ்க்கையை நான் கண்டதில்லை.

2017 செப்டம்பர் 9 அன்று அவர் லெப்டினன்டாகத் தேறினார். படைத்தளவாடப் பிரிவில் பணியமர்ந்தார். அதே நாளில் தேறியவர்களில், அதிகாரி நிலைக்குக் கீழான நாயக் பதவியில் இருந்து மறைந்த ஒரு படைவீரரின் மனைவியும் இருந்தார் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். கர்னலின் மனைவிக்குத்தான் இதெல்லாம் கைகூடும் என்று பின்வரிசையில் யாரும் எண்ணிவிட வேண்டாம். அவர்கள் அணிவகுத்த அந்த மைதானத்துக்குப் பரமேஸ்வரன் மைதானம் என்று பெயர். இலங்கையில் 1987இல் உயிர்நீத்து, நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருதான பரம்வீர் சக்கரம் பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயர் அது. பயிற்சி முடித்தவர்கள் அங்கே மெல்லிய நடையில் கடைசி அடியை எடுத்துவைத்து அதிகாரிகளாக வெளியேறுவதை நான் பார்வையாளர் வரிசையிலிருந்து ஒருமுறை பார்த்திருக்கிறேன். நூற்றுக்கணக்கான காலணிகள் ஒரே நேரத்தில் தரையைத் தொடும் அந்த ஓசையில், அடி மேல் அடி என்ற சொல்லின் பொருள் எனக்கு உள்ளங்காலில் விளங்கியது.

மனைவி என்ற நிலையை ஓரளவு சொல்லிவிட்டேன். தாய் என்ற நிலைக்கு வருமுன், இந்த அம்மையார் ஆசிரியை என்பதால் எனக்கு நினைவுக்கு வரும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

என் கணவர் ஹவில்தாராக ஓய்வுபெற்றவர். திருமணமான புதிதில் பதான்கோட், பிறகு ஜபல்பூர், பிறகு செகந்திராபாத் என்று ஊர் ஊராகச் சென்றோம். சென்ற இடமெல்லாம் குடியிருப்பை ஒட்டிய பள்ளிகளில் பாடம் நடத்தினேன். மூன்று ஊரிலும் சேர்த்து ஆறு ஆண்டுகள். 1994இல் அவர் ஃபீல்டுக்கு, அதாவது குடும்பத்தை உடன் அழைத்துச் செல்ல முடியாத களப்பணிக்குப் போனதும் பிள்ளையோடு நான் ஊருக்கு வந்தேன். ஒரு பள்ளியில் நேர்முகத் தேர்வுக்கு அழைத்தார்கள். என் அனுபவச் சான்றிதழ்கள் அத்தனையும் அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டிக்குள். பெட்டியின் சாவியோ அவருடைய சட்டைப் பையோடு காஷ்மீரத்துக்குப் போய்விட்டது! கடிதம் எழுதிச் சாவியை வரவழைக்கலாம் என்றால் நேர்முகத் தேர்வு மறுநாள் காலை பத்து மணிக்கு. பூட்டை உடைக்கலாம் என்று மாமனார் சுத்தியலை எடுத்தார். பட்டாளத்துப் பூட்டு அசையவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? பெட்டியையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டேன்.

வாயில் காவலர் ஒருபக்கம், ஆட்டோக்காரர் ஒருபக்கம் பிடித்துத் தூக்கி வர, நான் பட்டுச்சேலையில் பின்னால் நடக்க, பிள்ளைகள் எல்லாம் சன்னலில் வந்து நின்றுவிட்டார்கள். தலைமையாசிரியர் அறைக்கு வெளியே வைத்துப் பள்ளித் தச்சர் கடப்பாரையால் நெம்பினார். மூடி திறந்ததும் அந்துருண்டை வாசனை வராந்தா முழுக்கப் பரவியது. மேலே அவருடைய கம்பளிச் சட்டை, அதனடியில் என் மகனின் சின்னஞ்சிறு சுவெட்டர், அதற்கும் அடியில் பழுப்பு உறையில் என் மூன்று சான்றிதழ்கள். நீட்டினேன். தேர்வுக்குழுவில் இருந்த ஒருவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "மூன்று பள்ளி, தொடர்ச்சி இல்லை, கணக்கில் எடுக்க முடியாது. புதியவராகச் சேர்வதென்றால் சேரலாம்" என்றார். நான் பதில் சொல்லாமல் பெட்டியின் மூடியைத் திருப்பிக் காட்டினேன். வெள்ளைச் சாயத்தில் அவர் பெயர், எண், அதன்கீழ் பதான்கோட் என்று எழுதி அடித்து, ஜபல்பூர் என்று எழுதி அடித்து, செகந்திராபாத் என்று எழுதியிருந்தது. "ஐயா, நான் வேலையை விட்டுவிட்டுப் போகவில்லை, அரசாங்கம் இந்தப் பெட்டியை மாற்றியது, நான் பெட்டியோடு போனேன்" என்றேன். புதியவராகத்தான் சேர்த்துக்கொண்டார்கள். ஆறு ஆண்டுகள் போனது போனதுதான்.

நம் தரைப்படையின் கல்விச் சங்கம் நடத்தும் பள்ளிகள் நாடெங்கும் நூற்று முப்பதுக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் கற்பிப்போரில் எத்தனையோ பேர் படைவீரர்களின் மனைவியர். கணவருக்கு மாற்றல் வந்தால் அவர்களும் கிளம்பியாக வேண்டும். ஆசிரியர் தகுதித் தேர்வுச் சான்றிதழுக்கு ஆயுள் முழுதும் செல்லத்தக்க நிலையை 2021இல் கொண்டுவந்தார்கள், மனமார வரவேற்கிறேன். மூன்று மணிநேரம் எழுதிய தேர்வு ஆயுள் முழுதும் செல்லும்போது, சுண்ணக்கட்டி பிடித்த ஆறு ஆண்டுகள் ஊர் மாறியதும் எப்படிச் செல்லாமற்போகும்? சம்பளத்தை மட்டும் மனத்தில் வைத்து இதைக் கேட்கவில்லை. கணவர் இல்லாமற்போகும் நாளில் ஒரு பெண்ணைத் தாங்கி நிறுத்துவது அவள் கையிலிருக்கும் தொழில். சுவாதி அம்மையாரிடம் படிப்பும் பட்டமும் தொழிற்பழக்கமும் இருந்தன. அதனால்தான் அந்த இரண்டு இடங்களில் ஒன்றுக்கு அவரால் விண்ணப்பிக்கவாவது முடிந்தது.

ஆகவே மாவட்ட ஆட்சியர் அவர்களின் முன்னிலையில் என் வேண்டுகோளை வைக்கிறேன். பணியிலுள்ள படைவீரரின் மனைவி எத்தனை ஊரில், எத்தனை பள்ளியில் கற்பித்திருந்தாலும், கணவரின் மாற்றல் ஆணையைச் சான்றாகக் கொண்டு அந்த ஆண்டுகள் அனைத்தையும் ஒரே பணி அனுபவமாக எண்ண வேண்டும். இதைக் கேட்டு எட்டு ஆண்டுகளாக மனுக் கொடுத்து வருகிறேன். அடி மேல் அடி வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், அம்மி இன்னும் நகரவில்லை. என் காலும் ஓயவில்லை.

தாய் என்ற நிலையைப் பற்றிப் பேசக் குறித்து வந்த தாள் அப்படியே இருக்கிறது. சங்கச் செயலாளர் மணியைக் காட்டுகிறார். அடுத்துக் கல்லூரி முதல்வர் அம்மா பேச இருக்கிறார்கள், அவர்களுடைய நேரத்தை எடுத்துக்கொள்வது முறையன்று. மண்டபத்து வாசலில் வலப்பக்கம் ஒரு மேசை போட்டிருக்கிறோம், மனுவும் பேனாவும் அங்கே இருக்கின்றன. சகோதரிகள் கையெழுத்தோடு, நீங்கள் கற்பித்த பள்ளிகளின் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். சான்றிதழின் நகல் கையோடு இருந்தால் கொடுத்துவிடுங்கள், இல்லாதவர்கள் வரும் ஞாயிறு சங்க அலுவலகத்தில் என்னிடம் தரலாம். பெட்டி பூட்டியிருந்து சாவி கணவரிடம் இருந்தாலும் கவலை வேண்டாம், பெட்டியோடு வாருங்கள். வணக்கம்.