இரண்டாவது சாவி

நேயர்களுக்கு வணக்கம்.

வங்கிக் கிளையில் பணப் பெட்டகத்தைத் தனி ஆளாகத் திறக்க முடியாது. ஒரு சாவி கேஷியரிடம், இன்னொன்று அதிகாரியிடம். ஒருவர் டீ குடிக்கப் போனால் மற்றவர் காத்திருக்கத்தான் வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது வெறும் தொந்தரவாகத்தான் பட்டது.

இன்று வங்கிகளில் இடர் மேலாண்மைக்கென்று தனித் துறையே இருக்கிறது. அதன் கணக்கு வழக்கெல்லாம் பெரிய விஷயம். நான் சொல்ல வந்தது இந்த இரண்டு சாவியைப் பற்றி மட்டும்தான்.

லண்டனில் 1762-இல் தொடங்கிய வங்கி பேரிங்ஸ். 1803-இல் அமெரிக்கா பிரான்சிடமிருந்து லூசியானாவை வாங்கியபோது பணம் திரட்டிக் கொடுத்ததில் அதற்கும் பங்குண்டு. அப்படிப்பட்ட வங்கியின் சிங்கப்பூர் அலுவலகத்துக்கு 1992-இல் நிக் லீசன் என்ற இளைஞர் போனார். சந்தையில் வாங்கி விற்பதும் அவர் பொறுப்பு. அதைச் சரிபார்த்துக் கணக்கில் ஏற்றும் பிரிவும் அவர் பொறுப்பு. இரண்டு சாவியும் ஒரே சட்டைப்பையில்!

88888 என்று ஒரு கணக்கு. சீனர்களுக்கு எட்டு ராசியான எண்ணாம். நஷ்டமெல்லாம் அதற்குள் போனது, லண்டனுக்கு லாபம் மட்டும் தெரிந்தது. 1994-இல் உள் தணிக்கை செய்தவர்கள், இந்த இரண்டு வேலையும் ஒருவரிடம் இருக்கக் கூடாது என்று எழுதியே கொடுத்தார்கள். நடக்கவில்லை. சம்பாதித்துத் தருகிற பிள்ளையை யார் கேள்வி கேட்பார்கள்?

ஜப்பான் பங்குச் சந்தை பெரிதாக ஆடாது என்று லீசன் பந்தயம் கட்டியிருந்தார். 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரில் நிலநடுக்கம். அந்தச் சந்தையின் குறியீட்டெண்ணான நிக்கெய் சரிந்தது. விட்டதைப் பிடிக்க இன்னும் வாங்கினார், இன்னும் சரிந்தது. கடைசியில் நஷ்டம் 82 கோடி பவுண்டுக்கு மேல். வங்கி தாங்கவில்லை. நெதர்லாந்தின் ஐஎன்ஜி என்ற நிதி நிறுவனம் அதை, கடன்களோடு சேர்த்து, ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கியது.

அப்புறம், நம் ரிசர்வ் வங்கி ஒரு விதி வைத்திருக்கிறது. முக்கியமான பொறுப்புகளில் இருப்பவர்களை ஆண்டுக்கு ஒரு தடவை, முன்கூட்டிச் சொல்லாமல், தொடர்ந்து 10 வேலை நாளாவது விடுப்பில் அனுப்ப வேண்டும். லீவே போடாத ஊழியரைக் கிளையில் எல்லோரும் பாராட்டுவோம். ஆனால் எதையாவது மறைத்து வைத்தவர் அதைத் தினமும் காவல் காக்க வேண்டியிருக்கிறது. பத்து நாள் இன்னொருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேரேட்டைப் புரட்டினால், 88888 என்பது என்ன கணக்கு என்று கேட்காமல் இருப்பாரா?