எலும்பு கூடிவிட்டது, வலி மட்டும் ஏன் போகவில்லை?

வணக்கம். இன்று கேமராவைத் தரையில் வைத்திருக்கிறேன், நீங்கள் பார்க்க வேண்டியது என் காலைத்தான்.

வலது பாதத்தில் அடிபட்டு 5 மாதம் ஆகிறது. சுண்டுவிரல் பக்கத்து எலும்பில் விரிசல், 6 வாரம் வாக்கிங் பூட் (பாதத்தையும் கணுக்காலையும் அசையவிடாமல் பிடிக்கும் காலணி), அப்புறம் எக்ஸ்ரே பார்த்து எலும்பு கூடிவிட்டது என்றார்கள். சரி, முடிந்தது என்று நம்பினேன். வலி போகவில்லை, மேலே ஏறியது. முதலில் கெண்டைக்கால், பிறகு முழங்காலின் உள்பக்கம், ஒரு மாதமாக இடுப்பு.

இந்தச் செருப்பைக் கிட்டே கொண்டுவருகிறேன், பாருங்கள். இடது அடிப்பாகம் சீராகத் தேய்ந்திருக்கிறது. வலதில் சுண்டுவிரல் பக்கம் வரிகள் புதிதுபோல அப்படியே இருக்கின்றன, கட்டைவிரல் பக்கம் மட்டும் மழமழவென்று ஆகிவிட்டது. அடிபட்ட பக்கத்தை ஊன்றப் பயந்து உள்பக்கமாகச் சாய்ந்தே நடந்திருக்கிறேன். எலும்பு கூடிய பிறகும் அந்த நடை மாறவில்லை, அதை யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை.

பிசியோதெரபிஸ்ட் முதலில் இன்ச் டேப்பை எடுத்தார். வலது கெண்டைக்கால் சுற்றளவு 1.5 செ.மீ. குறைவு. அப்புறம் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடச் சொன்னார். இடது கால்விரலைச் சுவரிலிருந்து 11 செ.மீ. தள்ளி வைத்தும் முழங்கால் தொட்டது, வலதில் 6 செ.மீ. தான். வாக்கிங் பூட் உள்ளே அசையாமல் கிடந்த கணுக்கால் இறுகிவிடுகிறது, அது மடங்க வேண்டிய அளவு மடங்காவிட்டால் அந்தச் சுமை முழங்காலுக்கும் இடுப்புக்கும் போகிறது.

அதனால் இப்போது குதிகால் உயர்த்தும் பயிற்சி. இரண்டு காலாலும் ஏறி, வலது காலால் மட்டும் மெதுவாக இறங்க வேண்டும். பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்கிறேன். செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் அன்று எண்ணிக்கையைக் குறைத்துவிடுவேன்.

ஆனால் எல்லா வலியும் இப்படி நடையால் வருவதில்லை, தயவுசெய்து இதைக் கவனமாகக் கேளுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் உடனே ஆம்புலன்ஸ்தான், காத்திருக்காதீர்கள். போர்வை பட்டாலே எரிகிறது, தோலின் நிறமும் சூடும் மற்ற காலைப்போல் இல்லை என்றால் அது நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், சீக்கிரம் சிகிச்சை தொடங்குவது நல்லது.

நேற்று வலது காலில் மட்டும் நின்று 4 முறை உயர்த்தினேன். இருங்கள், இப்போது பார்க்கலாம், சுவரில் விரல்நுனி மட்டும் வைத்துக்கொள்கிறேன். 3... 4... 5. முழுசாக மேலே போகவில்லை, ஆனால் இறங்கும்போது நடுங்கவில்லை, பார்த்தீர்களா?