கோவ் சந்தில் ஒரு கைவிளக்கு

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

நம் ஊரில் "பாப்பா எங்கே படிக்கிறாள்?" என்று கேட்டால், "கான்வென்ட்ல" என்று ஒரு பதில் வரும். சொல்கிறவர் குரலில் லேசாக ஒரு பெருமை இருக்கும், அதற்குள்ளேயே ஃபீஸ் பற்றிய கவலையும் இருக்கும். இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் கான்வென்ட் என்றால் பள்ளிக்கூடம் இல்லை, கன்னியர் மடம். மடத்தின் பெயர் எப்படிப் பள்ளிக்கூடத்தின் பெயரானது? அதற்குப் பின்னால் உள்ள கதைகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றை இன்று சொல்லப் போகிறேன். சென்னை சர்ச் பார்க் பள்ளியை நடத்தும் காணிக்கை அன்னை சபையின் கதை அது. பிரசன்டேஷன் சிஸ்டர்ஸ் என்று சொன்னால் பலருக்குச் சட்டென்று தெரியும்.

கதை தொடங்குவது அயர்லாந்தில். அங்கே பெரும்பாலான மக்கள் கத்தோலிக்கர்கள். ஆட்சி இங்கிலாந்து மன்னருடையது, அவர் புராட்டஸ்டண்ட். 1695-இல் ஒரு சட்டம் வந்தது. கத்தோலிக்கர் யாரும் பள்ளிக்கூடம் நடத்தக் கூடாது. மீறினால் 20 பவுண்டு அபராதம், மூன்று மாதம் சிறை. சரி, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்க வைக்கலாமா என்றால் அதற்கும் தடை. ஏழைப் பிள்ளைகள் வேலியோரத்திலும் மாட்டுக்கொட்டகையிலும் ஒளிந்து படித்தார்கள். வசதியுள்ளவர்கள் பிள்ளைகளைக் கப்பலேற்றி ரகசியமாக பிரான்சுக்கு அனுப்பினார்கள்.

அப்படி பிரான்சுக்குப் போன ஒரு பெண்தான் நானோ நேகிள். ஹொனோரா என்பது முழுப்பெயர், வீட்டில் கூப்பிட்டது நானோ. 1718-இல் கார்க் மாவட்டத்தில் பாலிகிரிஃபின் என்ற ஊரில், நிலபுலன் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். பாரிஸில் படித்து, அங்கேயே நடனம், விருந்து என்று இளமையைக் கழித்தவர். அப்பா இறந்த பிறகு ஊர் திரும்பினார். பிறகு அம்மாவும் போனார், உயிருக்கு உயிரான தங்கை ஆனும் போனார். ஊரில் ஏழைப் பிள்ளைகள் எழுத்தும் தெரியாமல் ஜெபமும் தெரியாமல் வளர்வதைப் பார்த்த வேதனை, அவரை பிரான்சில் ஒரு மடத்துக்குக் கொண்டுபோய்விட்டது. ஆனால் அந்த மடத்தில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மனம் முழுக்க அயர்லாந்தின் பிள்ளைகள். திரும்பி வந்து, கார்க் நகரில் தம்பி ஜோசப் வீட்டில் தங்கினார்.

அதற்கப்புறம் நடந்ததை அவரே 1769-இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். வேலைக்காரப் பெண்ணை அனுப்பி ஒரு நல்ல உபாத்தியாயினியைத் தேடிப் பிடித்தார். முப்பது ஏழைச் சிறுமிகளைச் சேர்த்து, கோவ் சந்து என்ற இடத்தில் வைத்துப் பாடம் ஆரம்பித்துவிட்டார். 1750-களின் நடுப்பகுதி அது. தம்பிக்குத் தெரியாது, தம்பி மனைவிக்குத் தெரியாது, பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, கேட்கும் குருவானவர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். தினமும் காலையில் கிளம்பிப் போவார். அக்கா கோயிலுக்குப் பூசை காணப் போகிறாள் என்று தம்பி நினைத்துக்கொள்வார்.

நான் முப்பது வருஷம் வகுப்பறையில் நின்றவள். முப்பது பிள்ளைகள் ஓர் அறைக்குள் இருப்பதை அடுத்த தெருவுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்வது லேசான காரியம் இல்லை.

ஒருநாள் ஓர் ஏழைத் தகப்பன் ஜோசப் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஐயா, உங்க அக்கா நடத்துற பள்ளிக்கூடத்துல என் பிள்ளையையும் சேர்த்துக்கச் சொல்லுங்க" என்று கேட்டார். ஜோசப் விழுந்து விழுந்து சிரித்தபடி உள்ளே வந்தார். "யாரோ ஒரு பைத்தியக்காரன் வந்திருக்கிறான், உன்னைப் பள்ளிக்கூட வாத்தியார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்" என்றார். நானோ உண்மையை ஒப்புக்கொண்டார். சிரிப்பு அப்படியே கோபமாக மாறியது. சட்டம் தெரியாதா, குடும்பமே நாசமாகப் போகுமே என்று ஜோசப் கத்தித் தீர்த்தார். கொஞ்ச நாளில் அவரே சமாதானமாகிவிட்டார் என்பதையும் நானோ மறக்காமல் எழுதியிருக்கிறார். இதனால் யாருக்கு ஆபத்து வருமோ என்று நானோ பயந்தது தம்பியை நினைத்து அல்லவாம், பெரியவர் நேகிள் சித்தப்பாவை நினைத்துத்தான். அந்தச் சித்தப்பா 1757-இல் இறந்தபோது தன் சொத்தில் பெரும்பங்கை நானோவுக்கு வைத்துவிட்டுப் போனார். அந்தப் பணம் பள்ளிக்கூடங்களுக்கே போய்ச் சேர்ந்தது.

தொடங்கி ஒன்பது மாதத்துக்குள் பிள்ளைகள் இருநூறு பேர் ஆகிவிட்டார்கள். 1769-இல் சிறுமிகளுக்கு ஐந்து, சிறுவர்களுக்கு இரண்டு என ஏழு பள்ளிக்கூடங்கள். படிப்பு, எழுத்து, ஞானோபதேசம் என்கிற மறைக்கல்வி. பையன்களுக்குக் கணக்கும் உண்டு, பெண்பிள்ளைகளுக்குத் தையலும் உண்டு. ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் பேசிப் பேசி வாயில் ரத்தம் வந்ததாம். யாராவது பார்த்தால் போகவிடாமல் தடுத்துவிடுவார்கள் என்று அதையும் மறைத்துக்கொண்டாராம். இந்த வரியை முதன்முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பகலில் பள்ளிக்கூடங்கள், இருட்டினால் கையில் ஒரு விளக்கோடு சந்து சந்தாக நோயாளிகளையும் கிழவிகளையும் பார்க்கப் போவார். 'விளக்கேந்திய சீமாட்டி' என்று கார்க் மக்கள் அவரை இன்றும் சொல்கிறார்கள்.

தனக்குப் பிறகு இதையெல்லாம் யார் நடத்துவார்கள் என்ற கவலை அவருக்கு இருந்தது. அதற்காகத் தன் செலவில் மடம் கட்டி, பாரிஸில் பயிற்சி பெற்ற உர்சுலைன் சபைக் கன்னியரை 1771-இல் கார்க் நகருக்கு வரவழைத்தார். அவர்கள் நல்ல ஆசிரியைகள். ஆனால் அடைபட்ட மடத்துக் கன்னியர். வார்த்தைப்பாட்டின்படி, அதாவது துறவுக்காகக் கொடுத்த சத்தியத்தின்படி, மதிலைத் தாண்டி அடி எடுத்து வைக்கக் கூடாது. சந்துக்குள் போய் ஏழைகளைத் தேட அவர்களால் முடியாது. நானோவுக்கோ அந்தச் சந்துதான் எல்லாமே.

அதனால் 1775 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், மூன்று தோழியரோடு தானே ஒரு சபையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தேழு. மதில் கிடையாது, தெருவில் நடக்கலாம். 1777 ஜூலையில் புது வீட்டுக்குக் குடிபோனதைத் தோழி ஒருவருக்கு எழுதுகிறார்: திருடர்களைப் போலப் போனோம் என்று. விடிகாலை மூன்று மணிக்கு முன்பே எழுந்து, கட்டில்களைக் கழற்றி, தெருவில் யாரும் கண் விழிப்பதற்குள் அனுப்பிவிட்டாராம். அந்த வருஷ கிறிஸ்துமஸ் அன்று அதே வீட்டில் ஐம்பது பிச்சைக்காரர்களுக்கு விருந்து நடந்தது. கன்னியர்கள் பரிமாறினார்கள்.

சொத்தெல்லாம் தீர்ந்ததும் பள்ளிகளுக்காக வீடு வீடாகக் கையேந்தினார். 1784 ஏப்ரல் 26-இல் காசநோயில் இறந்தார்.

இனிமேல் சொல்வது எனக்கு வருத்தமான பகுதி. அவர் போன பிறகு சபையில் சேர ஆள் வரவில்லை. தெருவில் நடக்கிற கன்னியரை முழுக் கன்னியராக ஏற்க அந்தக் கால சமுதாயம் தயாராக இல்லை. சபை பிழைக்க வேண்டுமே. 1805-இல் திருத்தந்தை ஏழாம் பத்திநாதரின் அங்கீகாரத்தோடு அது அடைபட்ட மடமாகவே மாறியது. எந்த மதில் வேண்டாம் என்று நானோ தனிச் சபை கண்டாரோ, அதே மதில். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மதிலை ஏற்றுக்கொண்டதால்தான் சபை நிலைத்தது. ஆனால் கன்னியர் பிள்ளைகளைத் தேடிப் போன காலம் முடிந்தது, பிள்ளைகள் மடத்தைத் தேடி வர வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடம் மடத்து மதிலுக்குள் வந்தது. பிள்ளைகள் தினமும் காலையில் கான்வென்ட்டுக்குப் போனார்கள், மடத்தின் பெயரே பள்ளிக்கூடத்துக்கும் ஆகிவிட்டது. 1962-இல் தொடங்கிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்ற கத்தோலிக்க ஆயர்களின் உலக மாநாட்டுக்குப் பிறகுதான் இந்தச் சகோதரிகள் மறுபடி தாராளமாகத் தெருவுக்கு வந்தார்கள்.

அந்த மதில் காலத்தில்தான், அதாவது 1842-இல், அயர்லாந்தின் மேனூத் மடத்திலிருந்து அன்னை சேவியர் கர்ரன் தலைமையில் சில கன்னியர் கப்பலில் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். வாசலைத் தாண்டமாட்டோம் என்று வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் கடலைத் தாண்டினார்கள். சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம். சென்னையில் துறைமுகமும் கிடையாது. கப்பல் தூரத்திலேயே நங்கூரம் போட்டுவிடும். பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகில் இறங்கி, அலை தூக்கித் தூக்கிப் போட, நம் கடற்கரைப் படகோட்டிகளை நம்பித்தான் அந்தக் காலத்தில் யாரும் கரை சேர முடியும்.

அவர்கள் ஜார்ஜ் டவுனில் மடம் அமைத்தார்கள். சர்ச் பார்க் வருவதற்கு இன்னும் அறுபது வருஷத்துக்கு மேல் இருந்தது, அது 1909. ஜார்ஜ் டவுனில் அவர்கள் பாடம் சொல்லிக்கொடுக்க வந்தது யாருக்குத் தெரியுமா? கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து இங்கே வந்த ஐரிஷ் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கு, அவர்களிலும் தாய் தகப்பனை இழந்த அநாதைகளுக்கு. எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே குற்றம் என்று அந்தப் பிள்ளைகளின் பாட்டன் பூட்டனைத்தான் வேலியோரத்துக்குத் துரத்தியிருந்தது சட்டம். நாம் பெருமையும் ஃபீஸ் கவலையுமாகச் சொல்கிறோமே அந்த கான்வென்ட், இந்தச் சபையைப் பொறுத்தவரை நம் சென்னையில் அந்த அநாதைப் பிள்ளைகளை வைத்துத்தான் தொடங்கியது.

நன்றி, வணக்கம்.